டீத்தர் (பல் முளைக்கும் குழந்தை கடிக்கக் கொடுக்கும் பொம்மை) வாங்கப் போகிறீர்களா? 2,340 ரூபாய் போன கோபத்தில் எழுதுகிறேன்

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், அதிலும் நம்ம வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். படம் போட்டு ஆள் பிடித்து, வாட்ஸப்பில் ஆர்டர் வாங்கி, "வீட்டிலேயே கையால் செய்கிறோம்" என்று குழந்தைச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம் என்னிடம் 2,340 ரூபாயைச் சுருட்டிவிட்டது. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்தால் போதும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பையனுக்கு ஆறு மாதம். கீழ் ஈறு தடித்து, எச்சில் வழிந்து சட்டை நெஞ்சு வரை நனைந்துகொண்டே இருக்கிறது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது, அவன் அப்பாவின் தோள் உட்பட. இந்த வெயிலில் அவனைத் தூக்கிக்கொண்டு லாங் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்க முடியாது என்றுதான் ஆன்லைனில் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அழகழகாக இருந்தது. வேப்ப மர வளையம், நூல் பின்னிய மணிகள், சிவப்பு கிலுகிலுப்பை, சிலிக்கான் யானை, எல்லாம் சேர்த்து ஒரு செட்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாயம் போகுமா, மணி கழன்று வருமா, ஐஎஸ்ஐ முத்திரை (அரசின் தர முத்திரை) உண்டா, மூன்றையும் கேட்டேன். பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. "அக்கா, நானும் குடியாத்தம்தான்க்கா. என் பொண்ணும் இதைத்தான் கடிக்கிறா. நம்ம ஊர்ப் புள்ளைக்குக் கெட்டது கொடுப்பனா?" பேச்சுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிச் சிணுங்கி அழுகிறது, இவர் "இதோ வந்துட்டேன்டா கண்ணு" என்கிறார். சொல்லுங்கள், நம்ப மாட்டோமா? என் மடியிலும் ஒன்று அதே மாதிரிதான் அழுதுகொண்டிருந்தது. கூடவே ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பெட்டியின் படமும் வந்தது, முத்திரைக்குக் கீழே கொஞ்சம் மங்கலாக. இன்னும் ரெண்டு செட்டுதான் இருக்கு என்றார். பொருள் வந்தபின் பணம் தருகிறேன் என்றால் அந்த வசதி கிடையாதாம். பொருளுக்கு 2,190, கூரியருக்கு 150, ஆக 2,340 ரூபாய் யூபிஐயில் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. வாயில் வைக்கும் பொருளாச்சே என்று முதலில் கழுவினேன். கிலுகிலுப்பையை ஈரத்தோடு வெள்ளைத் துண்டில் துடைத்தால் துண்டு ரோஸ் கலராகிவிட்டது. கொஞ்சமாக இல்லை, பட்டையாக. அப்புறம் நூல் வளையம். முடிச்சுக்கு மேலே நூல் நுனியை வெட்டிப் பசை வைத்திருக்கிறார்கள், தண்ணீர் பட்டதும் பசை இளகி நுனி எழுந்து நிற்கிறது. இரண்டு விரலால் லேசாக இழுத்தேன், மணி என் உள்ளங்கையில் விழுந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், அதற்குள் அடங்கிவிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாகப் போகும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. பத்து ரூபாய் நாணயமே 27 மில்லிமீட்டர்தான். அந்த மணி அவன் வாயில் கழன்றிருந்தால் என்று யோசித்தபோது கை நடுங்கிவிட்டது.

யானைக்குள் ஏதோ திரவம். தும்பிக்கை பக்கம் ஒட்டிய இடத்தை அழுத்தினால் ஒரு சொட்டு கசிகிறது, நாற்றமும் அடிக்கிறது. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையான முத்திரை என்றால் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். படத்தில் மங்கலாக இருந்த இடத்தில் எண்ணே கிடையாது. கூட "ஃப்ரீ கிஃப்ட்" என்று ஈறில் தடவினால் மரத்துப்போகச் செய்யும் ஜெல் ஒன்று. அதைக் காட்டியதும் குழந்தை டாக்டர் முதலில் குப்பைத் தொட்டியைத்தான் காட்டினார். பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடலாமாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைப் பூசக்கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்திருக்கிறது. இங்கே இலவசமாகத் தருகிறார்கள்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதலில், "அது இயற்கைச் சாயம்க்கா, ரெண்டு வாட்டி கழுவினா நின்னுடும்." துண்டின் படத்தை அனுப்பினேன். "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சிஸ்டர்?" பெட்டியைப் பிரிக்கும்போது யார் வீடியோ எடுப்பார், ஒரு கையில் பிள்ளை. மணி கழன்றதை வீடியோவாகவே எடுத்து அனுப்பினேன். "வாயில வைக்கிற பொருள் மேடம், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." சரி, பணமாவது கொடுங்கள் என்றால், ஓனரிடம் கேட்க வேண்டும், அவர் திருப்பதி போயிருக்கிறாராம். வீட்டில் தானே செய்கிறேன் என்றவருக்கு ஓனர் எங்கிருந்து வந்தார்? ஐஎஸ்ஐ எண் கேட்டதும் கதை மறுபடி மாறியது. "இது கைவினைப் பொருள் மேடம், எங்களுக்கு ஐஎஸ்ஐ தேவையில்லை." அப்படி விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அது கைவினைஞராக அரசிடம் பதிவு செய்தவர்களுக்கு. பதிவு எண் கொடுங்கள் என்றேன், பதில் இல்லை. விலக்கு உள்ளவர் எதற்கு முத்திரையை அச்சடிக்கிறார் என்றேன், அதற்கும் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ பழுதான பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணில் இருந்த படமும் காணாமல் போனது, என்னை பிளாக் செய்துவிட்டார்கள். 2,340 ரூபாய்க்கு ஒரு கட்டைவிரல்.

இதைவிட வயிறு எரிந்த விஷயம் ஒன்று. ஆம்பூரில் இருக்கும் சித்தி பெண்ணிடம் புலம்பினேன். அவளும் அங்கேதான் விலை கேட்டிருக்கிறாளாம், அவளுக்கும் ஆடியோ வந்திருக்கிறது. போட்டுக் காட்டினாள். "அக்கா, நானும் ஆம்பூர்தான்க்கா." ஊர் மட்டும் மாறியிருக்கிறது. பின்னால் அழும் குழந்தை அதே குழந்தை, அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் விக்குகிறது, அதே "இதோ வந்துட்டேன்டா கண்ணு." எங்கள் அத்தை கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது, அந்தப் புள்ள இன்னும் அழுவுதா?" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பையன் எழுந்துவிட்டான், அதனால் விவரமாக எழுத முடியாது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 1 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். உரிம எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மணி, பின்னல், உள்ளே திரவம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஒரே துண்டாக வார்த்த கெட்டி சிலிக்கான் போதும். கழுத்தில் மாட்டும் மணிமாலையும் வேண்டாம். (எங்கள் ஆயா வசம்பு வளையல் போடச் சொல்கிறார், அதிலும் மணி மணிதான், நூல் அறுந்தால் நேரே வாய்க்கு.) ஃப்ரீசரில் கல்லாக உறைய வைக்காதீர்கள், சாதாரண ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி போதும். சிலிக்கானைக் கொதிநீரில் போடலாம், மரத்தை ஊற வைக்காமல் துடைத்துக் காய வையுங்கள். பல் முளைத்தபின் டீத்தரில் வெட்டு, கீறல் தெரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள், தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் பல் முளைக்கிறது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள், டாக்டர் இதை அழுத்திச் சொன்னார்.

நான் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், புகார் எண்ணும் வந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை. இதில் ஆகாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணமே கிடையாது, 2,340 ரூபாய்க்கும் போகலாம், போவேன். உங்களுக்கும் "நானும் உங்க ஊர்தான்க்கா" என்று அந்த ஆடியோ வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். சித்தி பெண்ணுடையதோடு சேர்த்துப் புகாரில் கொடுக்கப் போகிறேன்.