பின் அச்சுக்கு மணல் வீச்சா, கம்பிப் பிரஷா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பழைய டட்சன் 120ஒய் கார் வைத்திருப்பவர், துருவேறிய பின் அச்சைக் கழற்றியதும் முடிவு செய்ய வேண்டியது, அதை ஈப்போவுக்கு ஏற்றிச் சென்று சாண்ட்பிளாஸ்டிங் எனும் மணல் வீச்சுக்குக் கொடுப்பதா, வீட்டுக் கொட்டகையிலேயே கம்பிப் பிரஷால் தேய்ப்பதா என்பதாகும்.

எதைத் தேர்ந்தாலும் கழுவுதலே முதல் வேலை. தோட்டச் சாலையில் ஓடும் வண்டியின் அடியில் செம்மண்ணோடு செம்பனைக்கு இடும் உரமும் ஒட்டிக்கொள்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் குளோரைடு உப்பு சாயத்துக்கு அடியில் தங்கிவிட்டால், ஈரத்தை உறிஞ்சிப் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பும். ஆகவே மண்ணெண்ணெயால் கிரீஸைக் கரைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே துருவை நீக்கத் தொடங்க வேண்டும். பிரேக் டிரம்மில் உள்ள பழைய தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

துருக்குழியின் அடிவரை சென்று சுரண்டுவதிலும், சாயம் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பைத் தருவதிலும் மணல் வீச்சுக்கு நிகரில்லை. ஆனால் துகள் உள்ளே புகுந்தால் பேரிங்கையும் பல்சக்கரங்களையும் தேய்த்துவிடும் என்பதால், உள்ளுறுப்புகளை எல்லாம் கழற்றி, வாய்களை இறுக அடைத்த பிறகே அச்சைக் கொடுக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர் ஈரக்காற்று. மணல் வீசிய இரும்புக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை வெள்ளி போல மின்னிய அச்சை, மழைக்கு அஞ்சி பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன். தாளுக்குள் வியர்த்து, மறுநாள் காலையில் அதன்மேல் தேத்தண்ணீர்க் கறை போன்ற துரு படர்ந்திருந்தது. பாதி வேலை வீணாயிற்று.

கம்பிப் பிரஷில், உடனே பூசியாக வேண்டிய அந்த அவசரம் இல்லை. ஆனால் அது கண்ணை ஏமாற்றும். உதிரும் துருவை நீக்கிவிட்டு, இறுகிய துருவைப் பளபளப்பாக்கி, சுத்தமான இரும்பு போலக் காட்டிவிடும். கத்தி முனையால் கீறிப் பார்த்தால் பழுப்புத் தூள் உதிரும். ஸ்பிரிங் பட்டை உட்காரும் தகட்டின் மூலைகளில் பிரஷ் நுழைவதேயில்லை. அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவலாம். ஆனால் அந்த அமிலத்தை அலசி எடுக்காமல் மேலே எபாக்சி எனும் பிசின் சாயத்தைப் பூசினால் அது சரியாகப் பிடிக்காது.

சாயத்திலும் இதே கணக்குதான். எபாக்சி பிரைமர் எனும் அடிப்பூச்சு சுத்தமான, உலர்ந்த இரும்பைக் கேட்கிறது; காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது பூசக்கூடாது என்பது பொதுவான விதி. பிஓஆர்-15 போன்ற பூச்சுகள் காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுகின்றன, இறுகிய துருவின் மேலும் நன்றாகப் பற்றுகின்றன. வெயில் அவற்றுக்கு ஆகாது, ஆனால் காரின் அடியில் வெயில் ஏது? சாயத்தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கை நான் பரிந்துரைக்கமாட்டேன்: சுமார் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது, இடுக்கில் தங்கிய எண்ணெய் கசிந்து பூச்சைக் கெடுக்கிறது.

எனவே, மணல் வீசும் பட்டறையிலேயே அன்றைக்கே பிரைமர் அடித்துத் தருவார்களானால் மணல் வீச்சும் எபாக்சியும்தான் சிறந்தவை. இல்லையெனில் கம்பிப் பிரஷும் ஈரத்தில் இறுகும் பூச்சும் போதும். எந்த வழியானாலும், அச்சின் மேலுள்ள மூச்சுத் துளையை மறைத்த டேப்பைக் கடைசியில் உரித்துவிட வேண்டும். அது அடைபட்டால், ஓடிச் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீலைத் தாண்டிப் பிரேக் ஷூவில் கசியும்.