மண்ணின் தழைச்சத்து: கெல்டாலா, பெர்மாங்கனேட்டா?

காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நடும் விவசாயியின் மண்வள அட்டையில் தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, நேரே ஓர் எண் இருக்கும். அது பெரும்பாலும் காரப் பெர்மாங்கனேட் முறையில் வந்தது; 1956-இல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்டது. 20 கிராம் மண்ணில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் காஸ்டிக் சோடா கரைசலும் ஊற்றிக் காய்ச்சி வடித்தால், எளிதில் சிதையும் கரிமப் பொருளின் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். அதைப் போரிக் அமிலத்தில் பிடித்து அளக்கிறார்கள். எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 560-க்கு மேலே என்றால் அதிகம்.

கெல்டால் முறை அதைவிட மூத்தது. 1883-இல் டென்மார்க்கில், ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்தது! அடர் கந்தக அமிலத்தில் மண்ணை மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். புகைபோக்கி இல்லாத அறையில் நினைத்தே பார்க்கக் கூடாது. கிடைப்பது மொத்த நைட்ரஜன். ஆனால் அதில் பெரும்பகுதி மட்கில் பூட்டிக் கிடப்பது, இந்தப் போகத்துப் பயிருக்கு எட்டாது.

யூரியா எத்தனை மூட்டை என்று முடிவுசெய்ய எனக்குப் பெர்மாங்கனேட்தான் சரி. பண்ருட்டி முந்திரித் தோப்பில் வருடக்கணக்காக மட்கு போட்டு மண் தேறுகிறதா என்று பார்ப்பதென்றால் கெல்டால்.

நைட்ரேட் வடிவில் இருக்கும் நைட்ரஜனில் மட்டும் இரண்டுமே கோட்டை விடும். கெல்டாலில் சாலிசிலிக் அமிலம் சேர்த்தால் அதையும் பிடிக்கலாம். அப்புறம், எந்த முறையானாலும் ஈர மண்ணைப் பையில் கட்டி வாரக்கணக்கில் வைக்காதீர்கள். நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.