மொட்டைமாடி ஏவியேஷன் லைட்: பதினான்கு மாதங்கள் கழித்து

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பதினேழு மாடிக் குடியிருப்பு. சங்கச் செயலாளராக நான் வாங்கிப் பொருத்திய எல்இடி ஏவியேஷன் லைட் இது; உயரமான கட்டிடம் இருப்பதை இரவில் விமானிகளுக்குக் காட்டும் எச்சரிக்கை விளக்கு. 2,000 கேண்டெலா ஒளிச்செறிவு, சிவப்பு, விட்டுவிட்டு எரிவது. விலை 18,500 ரூபாய்.

முன்பு இருந்தது நின்று எரியும் விளக்கு. சர்வதேச விதியில் இரண்டுக்கும் இடம் உண்டு. விட்டுவிட்டு எரிவதையே கேட்டு வாங்கியதற்குக் காரணம் ஆறுமணிக் குருவி. வடக்கேயிருந்து இரவில் பறந்து வரும் இந்தப் பறவை, அக்டோபர் பிறந்தால் லிஃப்ட் அறை வாசலில் சோர்ந்து கிடக்கும். மேகம் தாழ்ந்த இரவுகளில், நின்று எரியும் சிவப்பு ஒளியை விட்டு விலகத் தெரியாமல் பறவைகள் கோபுரத்தையே சுற்றி வரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு, நின்று எரிபவற்றை அணைத்துவிட்டு மின்னுபவற்றை மட்டும் வைத்தால் பறவைச் சாவு 50 முதல் 71 சதவீதம் வரை குறையலாம் என்றது. விமானிகளுக்கும் அது போதும் என்று பறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, 2015 இறுதியில் அந்நாட்டு விமானத் துறை விதியையே மாற்றியது. ஆனால் அங்கே பறவைகள் பெரும்பாலும் மோதுவது கோபுரம் சாயாமல் இழுத்துக் கட்டும் கம்பிகளில். எங்கள் மாடியில் கம்பி ஏது? போன அக்டோபரில் ஒரே ஒரு குருவிதான் கிடந்தது என்பதை விளக்கின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

விமானி பக்கம் ஒரு குறை. பழைய இழை பல்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அள்ளி வீசும். சாதாரணச் சிவப்பு எல்இடி வீசாது. இரவுப் பார்வைக் கருவி அணிந்து தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் விமானிக்கு, அந்தச் சிவப்பு கருவியின் வடிகட்டியோடு நின்றுபோய், விளக்கே இல்லாததுபோல் ஆகிவிடலாம். இதற்காகவே அகச்சிவப்பு எல்இடியும் சேர்த்த வகைகள் உண்டு. இதில் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டேன். "அது சிசிடிவி கேமராவில்தானே சார் இருக்கும்?" என்றார். அவருக்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இன்னொரு அரை நட்சத்திரம் காக்கைக்காக. இருட்டை உணரும் கண்ணாடியை மூடியில்லாமல் மேல்நோக்கி வைத்திருக்கிறார்கள். எச்சம் விழுந்து மூடியதில் பட்டப்பகலில் மூன்று நாள் மின்னியது. இப்போது சனிக்கிழமைதோறும் காவலாளி ஈரத்துணியோடு ஏறுகிறார். மழையில் நீர் புகவில்லை, எதிர் பிளாக்காரர்களின் புகாரும் நின்றுவிட்டது. ஐந்துக்கு மூன்றரை.