மொத்தமாகப் பணம் கட்டி உளவியல் ஆலோசனைக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

செயலி வழியாக உளவியல் ஆலோசனை தரும் ஒரு நிறுவனத்தில் 12 அமர்வுகளுக்கு மொத்தமாக 18,000 ரூபாய் கட்டினேன். நான்கு நடந்தன. மீதி எட்டுக்கான 12,000 ரூபாயைத் தர மறுக்கிறார்கள்.

"இறுதிவரை உங்களுக்கென்று ஒரே ஆலோசகர்" என்பதுதான் அவர்களது விளம்பரம். நான்காம் அமர்வில், எங்கள் வீட்டில் எவரும் வாய்திறக்காத என் அண்ணனின் தற்கொலையைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். ஆலோசகர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "அவசரமே இல்லை, அடுத்த வாரம் இதிலிருந்தே தொடங்குவோம், நான் இருக்கிறேன்" என்றார். அடுத்த அமர்வுக்கு முந்தைய இரவு செயலியில் வந்தது இவ்வளவுதான்: "உங்கள் தேவை என் பணி வரம்புக்கு உட்பட்டதன்று. நலமே விளைக." பதில் எழுத முடியாதபடி உரையாடல் பெட்டியையும் அடைத்துவிட்டார்கள்.

தமக்குப் பயிற்சி இல்லாத சிக்கலிலிருந்து ஓர் ஆலோசகர் விலகுவது குற்றமன்று. சொல்லப்போனால் அதுதான் நேர்மை. ஆனால், அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகளைப் பின்பற்றுவதாக முகப்பிலேயே பெருமையடித்துக்கொள்ளும் இந்தச் செயலிக்கு, சிகிச்சையை முடிக்குமுன் அதுபற்றி வந்தவரிடம் பேச வேண்டும், தேவைக்கேற்ப வேறு வல்லுநரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அதே நெறிமுறைகளின் 10.10ஆம் பிரிவு சொல்வது தெரியாதா?

வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசியவர், ஆலோசகரின் முடிவில் தலையிட முடியாது என்றார். அடுத்தவர், வேறொருவரை ஒதுக்குகிறோம், அவரிடம் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார், காலி சிலிண்டரை மாற்றித் தருவதுபோல. 12,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் "மேலிடத்துக்கு அனுப்பியுள்ளோம்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. இறுதியில், பணம் செயலியின் வாலெட்டில் இருக்கிறது, வங்கிக்கு மாற்ற இயலாது, 90 நாளில் காலாவதியாகும் என்றார்கள். எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வேறு!

விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆலோசகர் பாதியில் விலகினால் பணம் வங்கிக் கணக்குக்கே திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இப்படி நடுவில் விடப்பட்டு மனம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அந்த 12,000 ரூபாய் இன்னும் வாலெட்டில்தான் கிடக்கிறது.