பித்தளைக் குடத்துக்கு லேம்ப் கிட்: எது சரி, எது போதாது

பித்தளைக் குடத்தை டேபிள் லேம்ப்பாக மாற்ற ஆன்லைனில் கிடைக்கும் கிட்டில் ஹோல்டர், 10 மி.மீ. மரைக்குழாய், இரண்டு நட்டு, வாஷர், சுவிட்ச் வைத்த ஒயர், பிளக் எல்லாம் இருக்கின்றன. ஹோல்டரும் மரைக்குழாயும் தரமானவை. குடத்தின் வாய்க்குள் இறுக்கமாக உட்காரும்படி 12 மி.மீ. பிளைவுட் வட்டு வெட்டி, நடுவில் துளையிட்டுப் பொருத்தினால் ஹோல்டர் ஆடாது.

குறை ஒயரில்தான். இரண்டு கோர் ஒயர் (உள்ளே இரண்டு கம்பி மட்டும்), இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. மரச் சாமானுக்கு ஓகே, உலோகக் குடத்துக்குக் கூடவே கூடாது. ஒயர் வெளியே வர குடத்தின் அடிப்பக்கத்தில் போடும் துளையின் விளிம்பு கத்திபோல இருக்கும். ஒயரை இழுக்க இழுக்க உறை கிழிந்து குடம் முழுக்கக் கரண்ட் பாயும். 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக் தனியாக வாங்குங்கள். பச்சை ஒயரில் (அதுதான் எர்த்) ரிங் லக் என்ற உலோக வளைய முனையை மாட்டி, குடத்தின் உட்புறத்தைச் சுரண்டிவிட்டு போல்ட்டால் இறுக்குங்கள். துளையில் ரப்பர் கிராமெட் (விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம்; கிட்டில் அது இல்லாதது பெரிய குற்றம்.

துளை போடும்போது முதலில் 3 மி.மீ. பிட், மெதுவான வேகம். பித்தளை பிட்டைக் கவ்வி இழுக்கும், தகடு கிழியும். உள்ளே மரக்கட்டை முட்டுக்கொடுங்கள்.

பல்புக்கு 7 வாட் வார்ம் ஒயிட் எல்இடி போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு துணி ஷேடைக் கருக்கிவிடும்.