‘டிரை’ ஸ்காலப் என்று பலகையில் இருந்தால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்

பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள், முதல்முறையாக வீட்டில் ஸ்காலப் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 54 டாலர் போச்சு. காசு போனதுகூடப் பரவாயில்லை. எனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று மூன்று நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

ஸ்காலப் தெரியாதவர்களுக்கு: ஷெல் பெட்ரோல் பங்க் சின்னத்தில் விசிறி மாதிரி ஒரு சிப்பி இருக்குமே, அதுதான். அந்தச் சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இறுக்கி மூடும் தசையைத்தான் இங்கே சாப்பிடுகிறார்கள். மற்றதைப் படகிலேயே கழித்துவிட்டு, உருண்டையாக அந்தத் தசை மட்டும் கரைக்கு வரும். எங்கள் வீட்டிலிருந்து நியூ பெட்ஃபோர்ட் ஒரு மணி நேரம். ஸ்காலப்புக்கே பேர்போன துறைமுகம். அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏமாந்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவளுக்குப் புதுசாக ஏதாவது செய்து போடலாம் என்று, கொஞ்சம் பெரிய மீன் கடை ஒன்றுக்குப் போனேன். பலகையில் ‘ஃபிரெஷ், டிரை, யு-10, பவுண்ட் 27 டாலர்’. யு-10 என்றால் ஒரு பவுண்டுக்குப் பத்துக்கும் குறைவாக நிற்கும், அவ்வளவு பெருசு என்று அர்த்தம். “டிரைன்னா கருவாடாட்டி?” என்று அம்மா கேட்டாள். இல்லை, மருந்துத் தண்ணீரில் ஊறப்போடாதது என்று பெருமையாக விளக்கினேன். கடைக்காரரிடமும் ஒருமுறை கேட்டேன். “எங்களிடம் எல்லாமே டிரைதான்” என்றார். இரண்டு பவுண்ட் வாங்கினேன். 19 இருந்தது.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். நாற்பது வருஷமாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியவள். “எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கேட்டி, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கையிலயும் வழுக்குது.” நான் கேட்கவில்லை. இந்த ஊர்ச் சரக்கு அம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு.

இரும்புச் சட்டி, எண்ணெய் புகைகிற சூடு, ஆறே ஆறு ஸ்காலப். போட்டதும் ‘சுர்’ என்றது. அரை நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி ‘களக் களக்’ என்று கொதிக்கிற சத்தம். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் பால் மாதிரி நீர் ஊறி, ஓரத்தில் நுரை கட்டியது. சிவக்கவே இல்லை. தண்ணீர் இருக்கிற வரை ஸ்காலப்பின் அடிப்பக்கச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பிறகு எங்கே சிவக்கும்? தண்ணீர் வற்றுவதற்குள் ரப்பராகிவிட்டது. வாயில் வைத்தால் லேசாகச் சோப்பு ருசி.

சூடு போதவில்லையோ, சட்டியை நெருக்கிவிட்டேனோ என்று மறுநாள் நான்கை மட்டும் போட்டேன். போடுமுன் தராசில் 186 கிராம். எடுத்த பிறகு 108. மீதியை அம்மா மிளகு மசாலாவில் பிரட்டி ஒப்பேற்றினாள்.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். “எல்லா ஸ்காலப்பும் தண்ணீர் விடும், நீங்கள் சட்டியை நிறைத்திருப்பீர்கள்” என்றார் அதே ஆள். சரக்கு வந்த டப்பாவைக் காட்டுங்கள் என்றேன். முதலில் தூக்கிப் போட்டாச்சு என்றார். பின்னால் நின்ற பையன் விவரம் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், பாவம். லேபிளில் பொடி எழுத்தில் மூன்றே பொருள்: ஸ்காலப், தண்ணீர், சோடியம் டிரைபாலிபாஸ்பேட்.

அந்தக் கடைசிப் பெயர்தான் விஷயம். அந்த உப்பில் ஊறப்போட்டால் தசை தண்ணீரைக் குடித்துப் பருத்துவிடும். எடை ஏறும். தட்டில் வைக்கப் பார்வையாகவும் இருக்கும். இது விஷமில்லை, இங்கே அனுமதி உள்ளதுதான். லேபிளில் சொல்லிவிட்டு, குறைந்த விலைக்கு ‘வெட்’ (ஊறவைத்தது) என்று விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ‘டிரை’ என்று எழுதி வைத்துத் தண்ணீரை 27 டாலருக்கு நிறுத்துப் போடுவதற்குத்தான் இந்தப் பதிவு. மேலாளர் வந்து 10 டாலர் கூப்பன் நீட்டினார், அதுவும் அந்தக் கடையில் மட்டும் செல்லும். காசைத் திருப்பித் தர மாட்டாராம், சமைத்துவிட்டேனாம்.

நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்று பிறகு நியூ பெட்ஃபோர்ட் போய் வாங்கினபோதுதான் பார்த்தேன். ஒன்று தந்த நிறம், ஒன்று லேசான பழுப்பு, ஒன்றிரண்டு இளஞ்சிவப்பு. தொட்டால் விரலில் ஒட்டும். கடல் வாசமும் ஒரு மெல்லிய இனிப்பும் வரும். ஒரே வெள்ளையாக, கீழே பால் தண்ணீர் தேங்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சமையல் டிஷ்யூ மேல் ஒன்றை வைத்து மைக்ரோவேவில் 15 விநாடி விடுங்கள். டிஷ்யூவில் பெரிய ஈர வட்டம் விழுந்தால் அது ஊறவைத்த சரக்கு. உறைய வைத்து வந்தது என்றால் பயப்படாதீர்கள், கடலிலேயே உறைய வைத்த டிரை ஸ்காலப் அருமையாகவே இருக்கும்.

செய்முறையில் ஒரு வித்தையும் இல்லை. பக்கவாட்டில் பட்டையாக ஒட்டியிருக்கும் சின்னச் சதையைக் கையால் உரித்துவிடுங்கள், அதை மென்று தின்ன முடியாது. டிஷ்யூவால் நன்றாக ஒற்றி எடுங்கள். சட்டியில் போடும்போதுதான் உப்பு, முன்னாலேயே போட்டால் நீர் விடும். கனமான இரும்பு தோசைக்கல்லே போதும். எண்ணெய் லேசாகப் புகையும்போது இடைவெளி விட்டு வைத்து, இரண்டு நிமிடம் தொடாதீர்கள். அடியில் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை, சிவந்ததும் தோசை மாதிரி தானே விடும். திருப்பி, ஒரு துண்டு வெண்ணெய், இன்னும் ஒன்றரை நிமிடம். நடுவில் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

அம்மா ஐந்து சாப்பிட்டாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் காசுக்கு நம்மூர்ல கூடை சாளை வாங்கலாமேட்டி” என்றாள்.

போன வாரம் அந்தப் பழைய கடைப் பக்கம் போனேன். விலை 29 ஆகியிருக்கிறது. ‘டிரை’ அப்படியே இருக்கிறது.