ஆப்ஷன் விலை அதிகமா, மலிவா: ஐ.வி. ரேங்க்கா, ஐ.வி. பெர்சென்டைலா?

ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை; அதன் விலைதான் பிரீமியம். 120 ரூபாய் பிரீமியம் அதிகமா குறைவா என்பதை ரூபாயை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குள் பொதிந்திருக்கும் ஐ.வி., அதாவது சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், வழக்கமான அளவுதானா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு அளவுகோல்களும்.

கணக்கு
ரேங்க்: ஓராண்டு அடியை 0, ஓராண்டு உச்சத்தை 100 என்று வைத்தால் இன்றைய ஐ.வி. எங்கே நிற்கிறது என்பது. மூன்றே எண்கள், கையாலேயே போட்டுவிடலாம்.
பெர்சென்டைல்: ஓராண்டில் எத்தனை சதவீத நாட்கள் ஐ.வி. இன்றைவிடக் குறைவாக இருந்தது என்பது. சுமார் 250 நாள் தரவு வேண்டும்.

திடீர் அதிர்ச்சி
ரேங்க் ஏமாற்றுவது இங்கேதான். 2020 மார்ச்சில், நிஃப்டி ஆப்ஷன்களின் ஐ.வி.யைக் காட்டும் குறியீடான இந்தியா விக்ஸ் 80-ஐத் தாண்டியது. அப்படி ஓர் ஆண்டில் அடி 10, உச்சம் 80, இன்று 24 என்று வையுங்கள். 70 புள்ளி இடைவெளியில் இன்று அடியிலிருந்து 14 புள்ளி மேலே, அதனால் ரேங்க் வெறும் 20. மலிவு என்று வாங்கத் தோன்றும். ஆனால் 250 நாளில் 200 நாள் 24-க்குக் கீழே இருந்திருந்தால் பெர்சென்டைல் 80. உண்மையில் விலை அதிகம்!

காலாண்டு முடிவு நேரம்
இரண்டும் ஏறியே இருக்கும். முடிவு வந்ததும் ஐ.வி. பெரும்பாலும் சரியும். அந்த வாரத்தில் இவற்றை மட்டும் நம்பி ஆப்ஷனை விற்காதீர்கள். முந்தைய முடிவுகளுக்குப் பங்கு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

கடந்த ஓராண்டு அமைதியாகப் போயிருந்தால் ரேங்க் போதும். நடுவில் ஒரு பெரிய சரிவு வந்திருந்தால் பெர்சென்டைலையே எடுங்கள். நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.